வேதியியல் பட்டத்திலிருந்து மேல்நிலை வகுப்பறை வரை: முதுகலை ஆசிரியராக விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஆசிரியர் பணிக்கு வர விரும்பும் இளைஞர்கள் என்னிடம் வழி கேட்கும்போது, நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எந்த வகுப்புக்குப் பாடம் நடத்த ஆசைப்படுகிறீர்கள்? பெரும்பாலோர் இதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் எடுக்கவேண்டிய முடிவுகள் எல்லாம் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தவை என்பதால், இதிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்பு வரை வேதியியல் தனிப் பாடமாக இல்லை. அறிவியல் என்ற ஒரே புத்தகத்துக்குள் இயற்பியல், உயிரியல் பாடங்களோடு அதுவும் சில அலகுகளாக வருகிறது. 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை அந்த அறிவியலை நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். 11, 12-ஆம் வகுப்புகளில்தான் வேதியியல் தனிப் பாடமாகிறது. அதை நடத்துபவர் முதுகலை ஆசிரியர். பட்டதாரி ஆசிரியருக்குப் பி.எஸ்சி., பி.எட். பட்டங்களோடு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேர்ச்சி வேண்டும். முதுகலை ஆசிரியருக்கு எம்.எஸ்சி., பி.எட். பட்டங்களும், ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வில் வெற்றியும் வேண்டும். அரசுப் பள்ளி ஊதிய விகிதத்தில் முன்னவருக்கு 36,400 ரூபாயிலும் பின்னவருக்கு 36,900 ரூபாயிலும் அடிப்படை ஊதியம் தொடங்குகிறது. ஊதியத்தில் வேறுபாடு சொற்பம். நடத்தும் பாடத்திலும் பணியின் இயல்பிலும் வேறுபாடு மிகப் பெரிது. வேதியியலை வேதியியலாகவே நடத்த வேண்டும் என்பவர்களுக்கு முதுகலை ஆசிரியர் பணியே இலக்கு. இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்காக எழுதப்படுகிறது.

பட்டத்தின் பெயரை முதலில் பாருங்கள்

முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலைப் பட்டமும் முதுகலைப் பட்டமும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். இளங்கலையில் இயற்பியல் படித்துவிட்டு முதுகலையில் வேதியியல் படித்தவரை ஏற்பதில்லை. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. இப்போது பல கல்லூரிகளில் வேதியியலோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துப் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. சான்றிதழில் உள்ள பெயர் வெறும் 'வேதியியல்' என்பதாக இல்லாவிட்டால், அந்தப் பட்டம் வேதியியலுக்கு இணையானது என்று உயர்கல்வித் துறை வெளியிட்ட அரசாணை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, சான்றிதழ் சரிபார்ப்பு வரை போன பிறகுதான், தன் பட்டத்தின் பெயரில் இருந்த ஒரு கூடுதல் சொல்லுக்காக இணைத்தன்மை அரசாணையைத் தேடி அலையத் தொடங்கினார். அது கிடைக்கும் வரை அவருடைய முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. அவர் எம்.எஸ்சி. சேரும் அன்றே பத்து நிமிடம் செலவிட்டுக் கேட்டிருந்தால், அத்தனை மாத மன உளைச்சலைத் தவிர்த்திருக்கலாம். எனவே, முதுகலையில் சேருமுன்பே பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, இணைத்தன்மை ஆணை இருந்தால் அதன் எண்ணையும் நாளையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

10-ஆம் வகுப்பு, 12-ஆம் வகுப்பு, மூன்றாண்டு இளங்கலை என்ற வரிசையில் படித்திருப்பதும் அவசியம். 12-ஆம் வகுப்பு முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் இந்தப் பணிக்கு உதவாது. முதுகலையில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த தகுதி விதி.

எம்.எஸ்சி. முதலிலா, பி.எட். முதலிலா?

இரண்டு வரிசையும் செல்லும். என் கருத்து எம்.எஸ்சி. முதலில் என்பதே. போட்டித் தேர்வின் 150 வினாக்களில் 110 வினாக்கள் பாடத்திலிருந்து வருகின்றன. குழுக் கோட்பாடு, நிறமாலையியல், கரிம வினைவழி முறைகள் போன்றவற்றைப் பி.எஸ்சி. படித்த சூட்டோடு தொடர்ந்து படிப்பதற்கும், நடுவில் இரண்டு ஆண்டு கல்வி உளவியல் படித்துவிட்டுத் திரும்ப வந்து படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை என் வகுப்புத் தோழர்களிடமே பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டில் சீக்கிரம் வருமானம் தேவைப்படுகிறது என்றால், பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் 9, 10-ஆம் வகுப்புகளுக்கு நடத்திக்கொண்டே டெட் எழுதிவிட்டுப் பிறகு எம்.எஸ்சி. சேருவதில் தவறில்லை. நல்ல ஆசிரியர்கள் பலர் அப்படி வந்தவர்கள்.

எந்த வரிசையானாலும் எம்.எஸ்சி. படிப்பை ஆய்வகம் உள்ள கல்லூரியில், நேரடி வகுப்பில் படியுங்கள். செய்முறை அனுபவம் போதாத வேதியியல் ஆசிரியரைப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டு பட்டப் படிப்புகளை ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அறிவித்ததைச் சுட்டிக்காட்டி, எம்.எஸ்சி., பி.எட். இரண்டையும் சேர்த்து முடித்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பி.எட். வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகையும், பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகையும் விதிப்படி தேவை. இன்னொரு முழுநேரப் படிப்போடு இதை நேர்மையாக நிறைவேற்ற முடியாது. சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டு படிப்பின் காலமும் மேற்பொருந்துவது தேவையற்ற கேள்விகளை வரவழைக்கும். முதுகலை முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். வரப்போகிறது என்ற பேச்சும் உண்டு. 2025 பிப்ரவரியில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட வரைவு விதிமுறைகளில் அந்தத் திட்டம் இருக்கிறது. வரைவை நம்பிச் சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பகுதியில் அங்கீகாரத்தோடு நடக்கும் படிப்பு எதுவோ, அதில் சேருவதே முறை.

பி.எட். சேர்க்கை

2015-16 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. தமிழ்நாட்டுக் கல்வியியல் கல்லூரிகள், 2008-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சைதாப்பேட்டை, திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன், வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, கோவை என அரசுக் கல்லூரிகள் 7 இருக்கின்றன. லேடி வெலிங்டன் பெண்களுக்கானது. இவற்றோடு அரசு உதவி பெறும் கல்லூரிகளும் உண்டு. இவற்றில் நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் கொண்டு தரவரிசை தயாரித்துக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். தகுதி மதிப்பெண் பொதுப் பிரிவினருக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு. விண்ணப்பக் காலம் குறுகியது. எனவே கல்லூரியில் இறுதி ஆண்டு முடியும் சமயத்திலேயே அறிவிப்பைக் கவனித்து வாருங்கள்.

வேதியியல் பட்டதாரிகள் பி.எட்.-இல் பௌதிக அறிவியல் கற்பித்தலை எடுப்பார்கள். இயற்பியல் படித்தவர்களும் உங்களோடு அதே வகுப்பில் இருப்பார்கள்.

சுயநிதிக் கல்லூரியில் சேர்வதானால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். இடைத்தரகர் காட்டும் தாளை நம்ப வேண்டாம். 'கட்டணம் கட்டினால் போதும், தேர்வுக்கு மட்டும் வாருங்கள்' என்று சொல்லும் இடத்தின் பக்கம் போகவே போகாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் சட்டச் சிக்கல் மட்டும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி எடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 40 பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் தடுமாறி, மூத்த ஆசிரியர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொடுத்து, மறுநாள் அதே பாடத்தைத் திருத்தி நடத்தும் வாய்ப்பு வாழ்க்கையில் அந்த 20 வாரம்தான் கிடைக்கும். பணியில் சேர்ந்த பிறகு உங்கள் வகுப்பின் பின்வரிசையில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள்.

பயிற்சிக் காலத்தில் ஆய்வகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பயிற்சிக்குப் போகும் பள்ளி மேல்நிலைப் பள்ளியாக இருந்தால், அங்குள்ள வேதியியல் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுச் செய்முறை வகுப்புகளில் உடன் நில்லுங்கள். மேல்நிலை வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20 மதிப்பெண், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கரையேற உதவும் கட்டை. அதை அவர்கள் கைக்குக் கொண்டுசேர்ப்பது ஆசிரியரின் ஆய்வகத் திறன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஆக்சாலிக் அமிலத்துக்கு எதிராகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம் பார்த்தல் எல்லாப் பள்ளியிலும் நடக்கும் செய்முறை. ஒரு மாணவருக்கு மூன்று முறை தரம் பார்க்கவும் பியூரெட்டைக் கழுவவும் சேர்த்து 100 மில்லி லிட்டர் கரைசல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 40 பேருக்கு 4 லிட்டர். 0.1 நார்மல் திறனில் ஒரு லிட்டருக்கு 3.16 கிராம் வீதம் 12.64 கிராம் பெர்மாங்கனேட்டை எடைபோட்டுக் கரைக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் இல்லாத பள்ளியில் இதைச் செய்பவர் நீங்கள்தான். முதல் நாள் மாலையே கரைத்துப் பழுப்புநிறப் புட்டியில் வைக்க வேண்டும். பெர்மாங்கனேட் முதன்மைத் திட்டப் பொருளாகாது, அதாவது எடையை மட்டும் கொண்டு அதன் திறனைத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதால், ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு அதன் சரியான திறனை நீங்களே முன்கூட்டிக் கண்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பிள்ளைகளின் அளவீடுகளைத் திருத்த முடியும்.

செய்முறை நேரத்தில் கேள்விகள் வரும். அடர்ந்த ஊதா நிறத்தில் கரைசலின் அடிவளைவு தெரியாது, மேல் விளிம்பைக் கொண்டே அளவெடுக்க வேண்டும் என்று சொன்னால், மற்றக் கரைசல்களுக்கு ஏன் அடிவளைவு என்பார்கள். ஆக்சாலிக் அமிலத்தை ஏன் 60, 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்பார்கள். முதல் சில சொட்டுகளின் நிறம் மறையச் சற்று நேரமாகிறது, பிறகு விழுந்தவுடன் மறைகிறது. இது ஏன் என்று கூர்மையான பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினைவேக மாற்றியாகச் செயல்படுகிறது, தொடக்கத்தில் அது இல்லை என்பதால் தாமதம் என்று அந்தக் குடுவையைக் காட்டியே சொல்ல முடிந்தால், 12-ஆம் வகுப்பு வேதிவினை வேகவியல் பாடத்தின் ஒரு பகுதியை அங்கேயே நடத்திவிடலாம். இன்னொருவரின் குடுவை இளஞ்சிவப்பாவதற்குப் பதில் பழுப்பாகக் கலங்கிப்போகும். அவர் பயந்துபோய் உங்களைப் பார்ப்பார். நீர்த்த கந்தக அமிலம் போதுமான அளவு சேர்க்கவில்லை, அதனால் மாங்கனீசு டை ஆக்சைடு உண்டாகிவிட்டது என்பதைக் கண்டவுடன் சொல்லத் தெரிய வேண்டும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் என்ன என்ற கேள்விக்கும், குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கிவிடும், அளவீடு கூடிவிடும் என்ற விடை நுனிநாக்கில் இருக்க வேண்டும். இவற்றைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 40 குடுவைகளுக்கு நடுவே நின்றால்தான் அவை உங்கள் அறிவாகும்.

தமிழில் நடத்தப் பழகுங்கள்

பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டையும் ஆங்கில வழியில் படித்தவர்கள் அரசுப் பள்ளியில் தமிழ் வழி வகுப்புக்குள் நுழையும்போது தடுமாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பாடம் தெரியும், சொல் வராது. இதற்கு ஒரே மருந்து, 11, 12-ஆம் வகுப்புத் தமிழ் வழிப் பாடநூல்களை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதுதான். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு தொகுதி, 15 அலகு. தாங்கல் கரைசல், சவ்வூடு பரவல், இனக்கலப்பு, அயனியாக்கும் ஆற்றல் போன்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் விருப்பத்துக்கு வேறு சொற்களை உண்டாக்க வேண்டாம்; வினாத்தாளில் வருவது பாடநூல் சொல்.

சொல்லைப் பழகுவதோடு, அந்தச் சொல் பிள்ளையின் மனத்தில் என்ன படம் வரைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எலக்ட்ரான் நாட்டம், எலக்ட்ரான் கவர்தன்மை என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றாடத் தமிழில் ஒன்றின்மேல் நாட்டம் கொள்வதும் அதைக் கவர்ந்துகொள்வதும் அடுத்தடுத்த செயல்கள். எனவே இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். தனித்து நிற்கும் வாயுநிலை அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளியாகும் ஆற்றல் நாட்டம். அது அளந்து சொல்லும் ஆற்றல், அதற்கு அலகு உண்டு. பிணைப்பில் இருக்கும் அணு, பங்கிட்ட எலக்ட்ரான் இணையைத் தன் பக்கம் இழுக்கும் போக்கு கவர்தன்மை. அது ஒப்பீட்டு எண், அலகு கிடையாது. கவர்தன்மையில் புளூரின் முதலிடத்தில் இருக்கிறது. நாட்டத்தில் குளோரின் அதை முந்துகிறது. இந்த முரணைக் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டிவிட்டு, புளூரின் அணுவின் சிறிய உருவத்தையும் அதற்குள் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதையும் விளக்கினால், இரண்டு சொல்லும் பிரிந்து நின்றுவிடும். பி.எட். நுண்ணிலைக் கற்பித்தலுக்கு ஐந்து நிமிடத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

1-ஆம் வகுப்பு முதல் முழுவதும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதைக் கோருபவர்கள் ஒவ்வொரு கட்டப் படிப்புக்கும் தமிழ் வழிச் சான்றை அந்தந்த நிறுவனத்தின் தலைவரிடம் வாங்கியாக வேண்டும். பழைய தொடக்கப் பள்ளியில் பதிவேடு தேடி எடுத்துத் தர நாளாகும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே வாங்கிவிடுங்கள்.

டெட் எழுத வேண்டுமா?

கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2010 ஆகஸ்டில் வந்த அறிவிப்பால், 8-ஆம் வகுப்பு வரை கற்பிக்க டெட் கட்டாயமானது. பட்டதாரி ஆசிரியருக்கு இரண்டாம் தாள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60 என 150 மதிப்பெண். பொதுப் பிரிவில் 90 எடுத்தால் தேர்ச்சி, மற்றப் பிரிவுகளுக்குச் சலுகை உண்டு. சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். தமிழ்நாட்டில் டெட் தேர்ச்சி மட்டுமே வேலையைத் தராது. பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு வேண்டும் என்று 2018-இல் அரசாணை வந்து, அந்தத் தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தது.

11, 12-ஆம் வகுப்புக்கான நேரடி நியமனத்தில் டெட் கேட்கப்படுவதில்லை. இருந்தாலும் பி.எட். இறுதி ஆண்டிலேயே அதை எழுதிவிடுமாறு சொல்வேன். முதுகலை ஆசிரியர் பணியிடங்களில் பாதி, பட்டதாரி ஆசிரியர்களின் பதவி உயர்வால் நிரம்புகிறது; அந்த வழியும் உங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். பணியில் உள்ளவர்களும் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-இல் தீர்ப்பளித்த பிறகு, பல ஆண்டு பணியாற்றிய ஆசிரியர்கள் புத்தகத்தைத் தேடி எடுக்கும் நிலை வந்திருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முதுகலை ஆசிரியர் தேர்வு

இந்தத் தேர்வின் முதல் கடினம் அதன் இடைவெளி. 2017, 2019 என்று நடந்தது. அதற்கடுத்த தேர்வு 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. பிறகு 2025 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 2025 தேர்வு எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து 1,996 பணியிடங்களுக்கானது. 'அறிவிப்பு வந்ததும் படிக்கத் தொடங்கலாம்' என்பவருக்கு மூன்று மாதமே கிடைக்கும். அறிவிப்பு இல்லாத ஆண்டில் படித்தவரோடு அவர் போட்டியிட வேண்டியிருக்கும். மேல் வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தப்பட்டிருப்பதால், வயது கடந்துவிட்டதே என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. போட்டியாளர்களின் எண்ணிக்கை கூடியிருப்பதும் அதனால்தான்.

தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தாள். 30 வினா, 50 மதிப்பெண். அதில் 20 எடுக்காதவரின் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஒதுக்காதீர்கள். முதன்மைத் தாளில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 வினாக்கள். தகுதி பெறக் குறைந்தது 50 விழுக்காடு, பட்டியல் இனத்தவர் 45, பழங்குடியினர் 40. இது தகுதி மட்டுமே. பணியிடத்தைப் பெற இதைவிட வெகுவாக மேலே போக வேண்டும்.

பாடப் பகுதியைப் பொறுத்தவரை, பயிற்சி மையங்களின் குறிப்பேடுகளைத் தொடுமுன் உங்கள் எம்.எஸ்சி. நூல்களைத் தூசி தட்டி எடுங்கள். கனிமம், கரிமம், இயற்பிய வேதியியல் மூன்றில் எது உங்களுக்கு அச்சம் தருகிறதோ, அதில் தொடங்குங்கள். பெரும்பாலோருக்கு அது குவாண்டம் வேதியியலும் குழுக் கோட்பாடும். மூலக்கூறு மாதிரிகளைக் கையில் வைத்துச் சமச்சீர் அச்சையும் தளத்தையும் கண்ணால் பார்த்துப் பழகியவர்களுக்கு, நீர் மூலக்கூறின் புள்ளிக் குழுவும் அம்மோனியாவின் புள்ளிக் குழுவும் மனப்பாடமின்றியே வந்துவிடும். மாதிரி வாங்க வசதியில்லை என்றால், களிமண் உருண்டையும் தென்னை ஈர்க்கும் போதும். நான் அப்படித்தான் படித்தேன். கல்வியியல் 30 வினாக்களுக்குப் பி.எட். இரண்டு ஆண்டை ஒழுங்காகப் படித்தவர் புதிதாகப் படிக்க அதிகம் இருக்காது.

தேர்வுக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் வகுப்பறையை விட்டு விலகாமல் இருப்பது நல்லது. தனியார் மெட்ரிக் பள்ளிகளிலும் மத்திய வாரியப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் இதே தகுதிக்கு வேலை உண்டு. அரசுப் பள்ளிக் காலியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக முதுகலை ஆசிரியர்களை 18,000 ரூபாய் மாதத் தொகுப்பூதியத்தில் அமர்த்தியிருக்கிறார்கள். இந்த வேலை நிரந்தரமாகும் என்று யார் சொன்னாலும் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அறிந்துகொள்ள இது நல்ல வாய்ப்பு. கேந்திரிய வித்யாலயாவுக்கும் எம்.எஸ்சி., பி.எட். தகுதியோடு விண்ணப்பிக்கலாம், அங்கே தனித் தேர்வு உண்டு, பணியிட மாறுதல் நாடு முழுவதும் இருக்கும்.

சான்றிதழ் சரிபார்ப்பு

தேர்வில் வென்றவர்கள் இங்கேதான் நெஞ்சம் படபடக்க நிற்கிறார்கள். 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றுகள், இளங்கலை, முதுகலை, பி.எட். மூன்றுக்கும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றும், சாதிச் சான்று, நன்னடத்தைச் சான்று, கோரியிருந்தால் தமிழ் வழிச் சான்றுகள், தேவைப்பட்டால் இணைத்தன்மை அரசாணை ஆகிய எல்லாமே அறிவிப்பில் சொல்லப்பட்ட கடைசி நாளுக்குள் தகுதி பெற்றவையாக இருக்க வேண்டும். பி.எட். முடிவு அந்த நாளுக்குப் பிறகு வந்தால் விண்ணப்பம் செல்லாது. பெயரின் தலைப்பெழுத்து ஒரு சான்றில் ஒன்றாகவும் இன்னொன்றில் இரண்டாகவும் இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அதைக் கல்லூரிக் காலத்திலேயே திருத்திவிடுங்கள். பெண்கள் திருமணத்துக்குப் பிறகு சாதிச் சான்றைக் கணவர் பெயரில் புதிதாக வாங்கத் தேவையில்லை. தந்தை பெயரில் உள்ள சான்றே செல்லும்.

தேர்வுப் பட்டியல் வெளியானதும் கலந்தாய்வில் பணியிடத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். சொந்த மாவட்டம் கிடைக்காமல் போகலாம். தொலைதூர ஊர் என்றாலும் முதல் நியமனத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். மாறுதல் கலந்தாய்வு பிறகு வரும். சேர்ந்த பிறகு உங்கள் சான்றிதழ்களை அந்தந்த வாரியத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பி உண்மைத்தன்மைச் சான்று பெறுவார்கள். தகுதிகாண் பருவம் மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டுப் பணி. அது முடிந்ததாக ஆணை பெற உண்மைத்தன்மைச் சான்று தேவை என்பதால், அது அலுவலகத்தில் தேங்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பொறுப்பேற்கும் முதல் வாரமே ஆய்வக இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அலமாரியைத் திறந்து ஒவ்வொரு புட்டியோடும் ஒத்துப் பாருங்கள். பெயர்ச்சீட்டு அழிந்த புட்டிகளைத் தனியே எடுத்து வையுங்கள். மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். அடர் அமிலங்கள் மேல் தட்டில் இருந்தால் அன்றே கீழ்த் தட்டுக்கு இறக்குங்கள். பியூரெட்டுகளின் குழாய்முனை எத்தனை உடைந்திருக்கிறது, தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா, மணல் வாளி நிரம்பியிருக்கிறதா என்று எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முறையாக அந்த அறைக்குள் வருவார்கள்.